லோணார்: உவர்நீர் ஏரிக்கு ஒரு பேருந்துப் பயணம்

உரைநடை: பயணக் கட்டுரை

நுழையும்முன்

மகாராட்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கரும்பாறை நிலத்தின் நடுவே, வட்ட வடிவப் பள்ளம் ஒன்று உள்ளது. அதன் அடியில் உவர்நீர் தேங்கிய ஏரி ஒன்று பச்சை நிறத்தில் விளங்குகிறது. அதனை முதன்முதலில் ஆராய்ந்த அறிஞர் பலர், அணைந்துபோன எரிமலையின் வாய் என்றே எண்ணினர். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அக்கருத்து மாறியது. முதுகுப்பையைச் சுமந்து, ஊர்மக்களோடு அரசுப் பேருந்தில் ஏறி அவ்வேரிக்குச் செல்லும் வழியையும், அதன் பிறப்பைப் பற்றிய வழக்கு தீர்ந்த வரலாற்றையும் இப்பாடத்தில் கற்போம்.

செந்நிறப் பேருந்து

லோணாருக்குத் தொடர்வண்டி இல்லை. மும்பையிலிருந்தும் செகந்திராபாத்திலிருந்தும் வரும் தொடர்வண்டிகள் ஜால்னாவில் நிற்கும். அங்கிருந்து பேருந்தில்தான் செல்ல வேண்டும். சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற ஔரங்காபாத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. அந்நகரிலிருந்து லோணார் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

மகாராட்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை மக்கள் 'எஸ்.டி.' என்றே அழைப்பர். சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணப் பேருந்துக்கு 'லால் பரி', அதாவது 'செந்நிறத் தேவதை', என்னும் செல்லப் பெயரும் உண்டு. இச்சேவையின் முதல் பேருந்து 1948 ஜூன் முதல் நாளில் புணேயிலிருந்து அகமதுநகருக்குச் சென்றது. இன்று தொடர்வண்டி எட்டாத சிற்றூர்களுக்கும் இப்பேருந்தே உயிர்நாடியாக விளங்குகிறது. 5 முதல் 12 வயது வரை உள்ள சிறுவர் சிறுமியர்க்கு அரைக் கட்டணமே பெறப்படுகிறது. 2023 முதல் பெண்களுக்கும் இச்சலுகை வழங்கப்படுகிறது.

ஜால்னாவிலிருந்து மேகர் செல்லும் சாலையில் பேருந்து கிழக்கு நோக்கி விரையும். வழியில் சிந்துகேட் ராஜா என்னும் ஊர் வரும். சிவாஜியின் தாய் ஜீஜாபாய் பிறந்த ஊர் அது. பின்னர்ச் சுல்தான்பூரில் இறங்கி, லோணார் செல்லும் வேறு வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கும். நேரே செல்லும் பேருந்து கிடைத்தால் இம்மாற்றம் தேவைப்படாது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் தேவநாகரி எழுத்தில் இருக்கும். பேருந்தின் எண்களும் பல இடங்களில் அவ்வெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பள்ளியில் இந்தி கற்கும் மாணவர்க்கு அவற்றைப் படிப்பது கடினமன்று. எனினும் ஏறுமுன் நடத்துநரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வதே நன்று.

சன்னலுக்கு வெளியே பருத்தியும் துவரையும் சோயாவும் விளையும் கரிசல் நிலம் நெடுந்தொலைவு பரந்து கிடக்கும். அருகில் அமர்ந்திருக்கும் உழவர் சந்தைக்குச் செல்பவராக இருக்கலாம். எதிரே நிற்கும் மாணவி கல்லூரிக்குச் செல்பவளாக இருக்கலாம். எந்த ஊரில் இறங்க வேண்டும், எந்தக் கடையில் நல்ல உணவு கிடைக்கும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. தனி மகிழுந்தில் செல்வோர்க்கு விரைவு கிட்டும். இத்தகைய உரையாடல் கிட்டாது. சோளமாவில் தட்டிச் சுட்ட பாக்ரியும், கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் அப்பகுதி மக்களின் எளிய உணவு. பேருந்து நிலையத்தை அடுத்த சிறு உணவகங்களில் அவற்றை உண்டு பசியாறலாம்.

பெயரில் உள்ள உப்பு

'லவணம்' என்னும் வடசொல்லுக்கு உப்பு என்பது பொருள். லோணார் என்னும் பெயரை அச்சொல்லோடு தொடர்புபடுத்துவர். லவணாசுரன் என்னும் அரக்கன் இவ்விடத்தில் வாழ்ந்தான் என்றும், திருமால் அவனை அழித்தார் என்றும் ஊர்மக்கள் கதை கூறுவர். லோணார் ஊருக்குள் உள்ள தைத்தியசூதன் கோயில் அக்கதையை நினைவூட்டுகிறது. 'தைத்தியசூதன்' என்பதற்கு 'அரக்கனை அழித்தவன்' என்பது பொருள். நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த அக்கோயிலைப் பயணிகள் ஏரிக்குச் செல்லுமுன் காண்பது வழக்கம்.

பெயரை ஒலிக்கும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. மராத்தியில் இவ்வூர்ப் பெயர் 'ண' என்னும் எழுத்தோடு எழுதப்படுகிறது. இந்தியில் 'பானி' எனப்படும் நீர், மராத்தியில் 'பாணி' ஆகும். தேங்காய்க்கு மராத்தியில் வழங்கும் 'நாரள்' என்னும் சொல், தமிழிலுள்ள ளகரத்தையே கொண்டு முடிகிறது. ணகரமும் ளகரமும் தமிழ்ச் சிறுவர்க்கு வீட்டிலேயே பழகிய ஒலிகள். ஆதலால் லோணார் என்னும் பெயரை அவ்வூரார் சொல்வது போலவே சொல்வது அவர்களுக்கு எளிது. வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்குப் பயணத்தில் இது ஒரு துணை.

விளிம்பில் நின்று காணும்போது

சமவெளியில் நடந்து வருபவர்க்கு, மிக அருகில் வரும் வரை ஏரி கண்ணில் படுவதில்லை. பள்ளத்தின் விளிம்பு சுற்றியுள்ள நிலத்தைவிட ஏறத்தாழ 20 மீட்டர் மட்டுமே உயர்ந்துள்ளது. அந்த மேட்டின்மீது ஏறியதும் நிலம் சட்டென்று கீழே சரிகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை உள்ள அகலம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். விளிம்பிலிருந்து ஏரிமட்டம் வரை உள்ள ஆழம் ஏறத்தாழ 137 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் போன்ற இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும், அதன் உச்சி இவ்விளிம்பைத் தாண்டாது.

பள்ளத்தின் உட்சரிவு முழுவதும் காடு அடர்ந்துள்ளது. நடுவே வட்டமான ஏரி. இவ்வளவு ஒழுங்கான வட்டத்தை ஆறோ மழையோ அகழ்ந்திருக்க இயலாது. அவ்வாறாயின் இதனை உருவாக்கியது எது?

எரிமலையா? விண்கல்லா?

இவ்வேரியை 1823-இல் அலெக்சாண்டர் என்னும் ஆங்கிலேய அதிகாரி கண்டு குறிப்பு எழுதினார். அதன் பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் இதனை எரிமலை வாயாகக் கருதினர். அவர்கள் அவ்வாறு எண்ணியதற்குத் தக்க காரணம் இருந்தது. தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பால் ஆனது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே வெளிப்பட்ட குழம்பு, அடுக்கடுக்காகப் பரவி உறைந்து பசால்ட் என்னும் கரும்பாறையாயிற்று. எரிமலைப் பாறையின் நடுவே வட்டக் குழியைக் கண்டவர், அதனை எரிமலையின் வாய் என்று கருதியதில் வியப்பில்லை.

உலகில் அத்தகைய ஏரிகளும் உள்ளன. சுமத்திராத் தீவின் தோபா ஏரி, பெரும் எரிமலை வெடிப்பால் நிலம் உள்ளிறங்கி உண்டானது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அவ்வெடிப்பின் சாம்பல், கடல் கடந்து வந்து ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் படிந்துள்ளது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலும் எரிமலை சரிந்து உண்டான ஆழமான ஏரி ஒன்று உள்ளது.

ஆனால் லோணாரில் ஒரு முரண்பாடு தோன்றியது. தக்காண எரிமலைகள் ஓய்ந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. அக்காலத்துக் குழியாயின், மழையும் காற்றும் அதன் விளிம்பை எப்போதோ தேய்த்து அழித்திருக்கும். லோணாரின் விளிம்போ இன்றும் கூர்மை குன்றாமல் இருக்கிறது. எனவே இப்பள்ளம் பாறையைவிட மிக இளையது என்பது தெளிவாயிற்று. விளிம்பில் உள்ள பாறை அடுக்குகள் படுக்கையாக இல்லாமல் வெளிப்புறம் நோக்கி நிமிர்த்தப்பட்டிருந்தன. பள்ளத்திலிருந்து தூக்கி எறியப்பட்ட கற்களும் மண்ணும் சுற்றிலும் போர்வை போலப் பரவிக் கிடந்தன.

உறுதியான சான்று பாறைக்குள் ஒளிந்திருந்தது. ஏரியின் அடியில் துளையிட்டுப் பாறை மாதிரிகளை எடுத்த ஆய்வாளர்கள், அவற்றில் மாஸ்கெலினைட் என்னும் பொருளைக் கண்டனர். பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம், பேரதிர்ச்சியின் அழுத்தத்தால் கண்ணாடித் தன்மை அடைந்து மாஸ்கெலினைட் ஆகிறது. எரிமலை வெடிப்பில் அத்துணை அழுத்தம் உண்டாவதில்லை. விண்ணிலிருந்து நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் கல்லால் அது உண்டாகும். இப்பொருளை அறிவியல் உலகம் முதலில் அறிந்ததும் இந்திய மண்ணில் விழுந்த ஒரு விண்கல்லிலிருந்துதான். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த அக்கல், செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று பிற்காலத்தில் அறியப்பட்டது.

பிரெட்ரிக்சன், துபே, மில்டன், பாலசுந்தரம் ஆகிய நால்வரும் தம் ஆய்வு முடிவை 1973-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். லோணார், பசால்ட் பாறையில் விண்கல் மோதியதால் உண்டான பள்ளம் என்பது அதன்பின் நிலைபெற்றது. பசால்ட்டில் தோன்றி, இவ்வளவு நன்கு நிலைத்திருக்கும் பள்ளம் புவியில் மிக அரிது. நிலாவிலும் செவ்வாயிலும் பசால்ட் நிலப்பரப்பு மிகுதி. ஆகவே அங்குள்ள பள்ளங்களைப் புரிந்துகொள்ள விரும்பும் அறிவியலாளர்க்கு லோணார் ஓர் ஆய்வுக்களமாக விளங்குகிறது.

வழக்கு தீர்ந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சியது. அந்த விண்கல் எப்போது விழுந்தது? வெப்ப ஒளிர்வு முறையில் கணித்தவர்கள் ஏறத்தாழ 52,000 ஆண்டுகள் என்றனர். பின்னர் ஆர்கான் தனிமத்தைக் கொண்டு கணித்தவர்கள் ஏறத்தாழ 5,70,000 ஆண்டுகள் என்றனர். இரண்டாம் விடை முதல் விடையைப் போலப் பத்து மடங்குக்கும் மிகுதி. அளக்கும் கருவியும் முறையும் மாறினால் விடையும் மாறக்கூடும். அதனால்தான் அறிவியலில் ஒரு விடையோடு அதனைக் கண்ட முறையும் சேர்த்தே கூறப்படுகிறது.

பள்ளத்துள் இறங்கும் வழி

விளிம்பை ஒட்டியுள்ள கோமுகம் என்னும் இடத்தில் நன்னீர் ஊற்று ஒன்று இடையறாது பாய்கிறது. ஊர்மக்கள் அதில் நீராடி வழிபடுவர். அங்கிருந்து காட்டுப்பாதை ஒன்று கீழே செல்கிறது. மயிலின் அகவலும் கருமுகக் குரங்குகளின் சலசலப்பும் வழியெங்கும் கேட்கும். கரையைச் சுற்றிலும் பழங்கோயில்கள் பல சிதைந்த நிலையில் நிற்கின்றன. கமலஜா தேவி கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

சற்று முன் கண்ட ஊற்றுநீர் இனியது. ஏரிநீரோ வாயில் வைக்க முடியாத உவர்ப்புடையது. காரணம் எளிது. பள்ளத்துக்குள் வரும் நீர் வெளியேற வழியில்லை. வெயிலில் நீர் ஆவியாகிறது; பாறையிலிருந்து கரைந்து வந்த உப்புகள் தங்கிவிடுகின்றன. எண்ணற்ற ஆண்டுகளாக இது நிகழ்ந்து வருவதால் நீர் உவர்ப்பும் காரத்தன்மையும் மிகுந்ததாயிற்று. நடுநிலை நீரின் பி.எச். அளவு 7, லோணார் நீரில் அது 10-ஐ ஒட்டியுள்ளது. முற்காலத்தில் இங்கு எடுத்த உப்பைச் சோப்பும் கண்ணாடியும் செய்யப் பயன்படுத்தினர். அக்பர் காலத்து நூலாகிய ஐன்-ஐ-அக்பரியும் இதனைக் குறிப்பிடுகிறது.

இத்தகைய நீரில் உயிர்கள் வாழுமா என ஐயுறலாம். ஸ்பைருலினா என்னும் நுண்ணுயிர் இங்குச் செழித்து வளர்கிறது. ஏரியின் பச்சை நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம். வேறெங்கும் எளிதில் வாழாத நுண்ணுயிர்கள் பலவற்றுக்கு இந்த உவர்நீரே தாய்மடி.

நிறம் மாறிய நீர்

2020 ஜூன் மாதத்தில் ஏரிநீர் திடீரென இளஞ்சிவப்பாக மாறியது. செய்தி நாடெங்கும் பரவியது. புணேயிலுள்ள அகார்கர் ஆய்வு நிறுவனத்தார் நீரை ஆராய்ந்தனர். நீர்மட்டம் குறைந்து உப்பின் செறிவு மிகுந்தபோது, உப்பை விரும்பும் ஹாலோஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் பெருகின. அவை உண்டாக்கும் நிறமியே நீருக்கு அந்நிறத்தைத் தந்தது. மழைநீர் வந்து சேர்ந்ததும் பழைய நிறம் மீண்டது.

உப்பு மிகுந்தால் ஓர் உயிர் பெருகுகிறது. குறைந்தால் மற்றோர் உயிர் பெருகுகிறது. கழிவுநீர் கலந்தாலும், நன்னீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் இச்சமநிலை குலையும். ஏரி ஒருநாளில் அழியாது. ஆனால் அதனை லோணாராக்கிய உவர்ப்புச் சிறிது சிறிதாக இல்லாமற்போகும்.

காட்டுக்கும் ஒரு பகை உண்டு. பள்ளத்தின் உட்சரிவில் சீமைக்கருவேல் பரவி, மண்ணுக்குரிய மரங்களை நெருக்கியது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் வாழும் உறவினரைக் கேட்டால், இம்முள்மரத்தின் தொல்லையை விரிவாகக் கூறுவர். மராத்தியில் இதனை 'வேடி பாபுள்', அதாவது 'பித்துப் பிடித்த கருவேல்', என்பர். வனத்துறையினர் இதனை அகற்றும் பணியில் ஈடுபட்டு வருகின்றனர்.

2020-இல் லோணார் ஏரி, உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் கோடியக்கரை 2002-இலேயே அப்பட்டியலில் சேர்ந்தது. ஏரியைச் சூழ்ந்த காடு காட்டுயிர் சரணாலயமாகப் பேணப்படுகிறது.

பயணி செய்யத்தக்கவை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள காலம் நடப்பதற்கு ஏற்றது. மழைக்காலத்தில் காடு பசுமையாக இருக்கும், பாதை வழுக்கும். முதுகுப்பையில் குடிநீர், தொப்பி, எளிய உணவு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவை இருத்தல் வேண்டும். பள்ளத்துள் கடைகள் இல்லை. ஆதலால் கொண்டுசென்ற நெகிழி உறை ஒவ்வொன்றையும் அதே பையில் மேலே கொண்டுவருதல் வேண்டும். ஏரிநீரில் சோப்பு இடுதலும் கல்லைப் பெயர்த்து எடுத்தலும் கூடா. சிறு கல்லாயினும் அது அறிஞர்க்கு ஒரு சான்று. சிறுவர் சிறுமியர் பெரியோர் துணையின்றிக் காட்டுப்பாதையில் இறங்குதல் தகாது. இருட்டுமுன் விளிம்புக்குத் திரும்பிவிட வேண்டும். கடைசிப் பேருந்து காத்திராது.

சொல்லும் பொருளும்

உவர் – உப்புச் சுவை
விளிம்பு – ஓரம்
கரிசல் – கருமை நிற மண்
அகழ்தல் – தோண்டுதல்
விண்கல் – வானிலிருந்து புவியில் விழும் கல்
அகவல் – மயிலின் குரல்
நெகிழி – பிளாஸ்டிக்
செறிவு – அடர்த்தி

இலக்கணம் அறிவோம்: வினா எழுத்துகள்

'எரிமலையா? விண்கல்லா?' என்னும் தொடர்களில் சொல்லின் இறுதியில் நின்று வினாப்பொருளைத் தருவது 'ஆ' என்னும் எழுத்து. எ, யா என்பன சொல்லின் முதலில் வரும் (எது? யாது?). ஆ, ஓ என்பன இறுதியில் வரும் (ஏரியா? ஏரியோ?). 'ஏ' முதலிலும் இறுதியிலும் வரும் (ஏன்? அவன்தானே?).

பயிற்சி: பாடத்தில் வரும் வினாச் சொற்கள் மூன்றினைக் கண்டறிந்து, அவற்றிலுள்ள வினா எழுத்தைக் கோடிட்டுக் காட்டுக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. லோணார் பள்ளம் தோன்றக் காரணம்
(அ) எரிமலை வெடிப்பு (ஆ) விண்கல் மோதல் (இ) ஆற்றின் அரிப்பு

2. ஏரிநீர் உவர்ப்பாக இருப்பதற்குக் காரணம்
(அ) கடல் அருகில் உள்ளமை (ஆ) நீர் வெளியேற வழியின்மை (இ) மிகுந்த மழை

3. 1865-இல் விண்கல் விழுந்த ஊர்
(அ) ஷெர்காட்டி (ஆ) ஜால்னா (இ) கோடியக்கரை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. 'லால் பரி' என்பது யாது?
2. முற்கால ஆய்வாளர்கள் லோணாரை எரிமலை வாய் என்று எண்ணியது ஏன்?
3. மாஸ்கெலினைட் எதற்குச் சான்றாக அமைந்தது?
4. 2020-இல் ஏரிநீர் நிறம் மாறியது எவ்வாறு?

இ. விரிவாக விடை எழுதுக.

'லோணார் எரிமலை வாய் அன்று' என்பதைப் பாடத்தில் கூறப்பட்ட சான்றுகளை வரிசைப்படுத்தி நிறுவுக.

ஈ. கணக்கிட்டு எழுதுக.

பள்ளத்தின் விட்டம் 1.8 கிலோமீட்டர் எனில், அதன் விளிம்பை ஒருமுறை சுற்றி வர எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும்? விடையை எழுத்தால் எழுதுக.

உ. ஒலி வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.

பனி – பணி
ஆனி – ஆணி
வெல்லம் – வெள்ளம்
ஏரி – ஏறி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து அரசுப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ சென்றடையக்கூடிய ஏரி அல்லது குளம் ஒன்றைப் பெற்றோருடன் சென்று காண்க. அதன் பெயர்க் காரணத்தை ஊர்மக்களிடம் கேட்டு எழுதுக.

2. சீமைக்கருவேல் பற்றி ஊரில் உள்ள தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் கூறியவற்றைப் பத்துத் தொடர்களில் தொகுக்க.

3. நீங்கள் வாழும் மாநிலத்து மொழியில் நீர், உப்பு, மலை, ஏரி ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, தமிழ்ச் சொற்களோடு ஒப்பிடுக.